பார்த்தெக்கைவிட ஒரு மாடி உயரம்

அன்றைக்கும் அந்தக் குழாய் அனியெலாவின் நெற்றியைப் பதம் பார்த்தது.

கொதிக்கும் சூப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி மேசைக்குத் திரும்பினாள். ணங்கென்று ஒரு சத்தம். பாத்திரத்தைக் கீழே போடாமல் காப்பாற்றியது பழக்கம்தான். பத்து வருஷத்துக்கு மேலாக அந்தக் குழாய் அதே இடத்தில்தான் இருக்கிறது. மேல் வீட்டுத் தண்ணீரெல்லாம் அதற்குள்தான் கடகடவென்று ஓடும். அவள் தலையும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். குழாய் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அவள் புருஷன் ஷிமெக் அதற்கு ஒரு வைத்தியம் செய்திருந்தான். தன் பழைய கம்பளிக் காலுறை ஒன்றைக் குழாயில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். "இனிமே வலிக்காது பாரு" என்றான். வலி குறையவில்லை. புருஷனின் காலுறையில் முட்டிக்கொள்கிற அவமானம் மட்டும் கூடிற்று.

சிகாகோவில், ஆர்ச்சர் அவென்யூவை ஒட்டிய தெரு அது. தெருவில் பாதிப் பேர் போலந்தின் தாத்ரா மலையடிவாரத்துக்காரர்கள். ஷிமெக் கூரை வேலைக்காரன். நகரத்துக் கூரைகள் மேலெல்லாம் ஏறி நின்று, காற்றும் வெயிலுமாகப் பறவை மாதிரி பகலைக் கழித்துவிட்டு, சாயங்காலம் ஆனால் எலி மாதிரி பூமிக்கு அடியில் இருக்கிற இந்த பேஸ்மென்ட்டுக்கு வந்து இறங்குவான். அனியெலாவின் பிழைப்பும் அப்படித்தான். ஏரிக்கரையில் இருக்கிற பணக்காரர்களின் அடுக்குமாடி வீடுகளைத் துடைப்பது அவள் வேலை. வினிகரும் பழைய செய்தித்தாளும் கொண்டு அவள் துடைத்த ஜன்னல்களை வரிசையாக அடுக்கினால் போலந்து வரைக்கும் போகும். அவள் சொந்த வீட்டு ஜன்னல் மட்டும் கூரையை ஒட்டி, ஒரு ரொட்டித் தட்டு அகலத்துக்கு இருந்தது. அதில் தெரிவதெல்லாம் நடைபாதையில் போகிறவர்களின் கால்கள். தபால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பாதிரியார் எல்லோரையும் செருப்பை வைத்தே அவள் அடையாளம் சொல்லுவாள். பாதிரியாரை ஒருநாள் கோவிலில் முழுசாகப் பார்த்தபோது, இவ்வளவு குட்டையா என்று ஆச்சரியமாக இருந்தது.

கதவு தட்டப்பட்டது. ஸ்தெஃபானியா அம்மாள். வீட்டுக்காரி. தரைத்தளத்தில் தனியாக இருக்கிற விதவை.

"ஏம்மா அனியெலா, நெத்தியில என்ன, மறுபடியும் குழாயா?"

"வேற யாரு? கட்டிக்கிட்டவன் அடிக்கிறதில்ல. குழாய் அந்தக் குறைய வைக்கிறதில்ல."

கிழவி சிரித்தபடி உள்ளே வந்து உட்கார்ந்தாள். "ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன். மாடியில இருக்காங்களே, அவங்க மே மாசம் காலி பண்றாங்க. மகன் கூட டென்வருக்குப் போறாங்களாம். நீ ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கியே, அதான் முதல்ல உங்கிட்டயே சொல்றேன்."

அனியெலாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. மாடி வீடு! ஒருதரம் சாவி வாங்கப் போனபோது பார்த்திருக்கிறாள். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு நேரே ஒரு மேப்பிள் மரம். அன்றைக்கு மரத்தின் கிளையில் ஓர் அணில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அணிலை அவள் இன்னும் மறக்கவில்லை.

"வாடகை கொஞ்சம் கூடத்தான். ஆனா உனக்குன்னா பாத்துச் செய்வேன். குருத்தோலை ஞாயிறுக்குள்ள பதில் சொல்லிடு. என் தங்கச்சி பேரன் வேற கல்யாணம் கட்டி வீடு தேடிக்கிட்டு இருக்கான். அவனுக்கு வாக்குக் குடுத்துட்டா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

குருத்தோலை ஞாயிறு அடுத்த வாரம்.

ஷிமெக் வந்து கை கழுவி, சூப்பில் ரொட்டியைத் தோய்க்கிற வரைக்கும் அனியெலா பொறுத்தாள். பசித்த வாயோடு பேசினால் காரியம் நடக்காது. பிறகு சொன்னாள். அவன் மென்றுகொண்டே கேட்டான். மென்றுகொண்டே தலையை ஆட்டினான். அது ஆமாம் என்கிற ஆட்டமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"இப்ப எதுக்கு? ஊர்ல கூரை முடியட்டும்."

"போன வருஷமும் கூரைதான் சொன்ன."

"அது கீழ்க் கூரை."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அது பால்கனி. நீயே போட்டோ பாத்து நல்லாருக்குன்னு சொன்னியே!"

குளிர்பெட்டிக் கதவில் அந்தப் போட்டோ ஒட்டியிருந்தது. யாவோரா கிராமத்தில் அவர்களுடைய வீடு. அடியில் கல்கட்டு, அதற்கு மேல் மரவேலைப்பாடு, இரண்டு மாடி, சுற்றிலும் செதுக்கின பால்கனி. எட்டு அறைகள். இருக்கப் போகிறவர்கள் இரண்டு பேர். இதுவரை அதில் ஒரு ராத்திரிகூட யாரும் தூங்கினதில்லை. ஷிமெக்கின் அம்மா அங்கேதான் இருக்கிறாள், ஆனால் பின்கட்டில் பழைய குடிசையில். புது வீடு அழுக்காகிவிடுமாம். வாரத்துக்கு ஒருதரம் போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மூடிவிட்டு வருவாள்.

"அங்க எத்தனை ஜன்னல் இருக்கு, ஷிமெக்?"

"இருபத்தஞ்சு" என்றான் பெருமையாக.

"எனக்கு ஒண்ணு போதும். இங்க. நான் உயிரோட இருக்கும்போது."

அப்போது மேலே ரொட்டித்தட்டு ஜன்னலில் ஒரு ஜோடி பூட்ஸ் போயிற்று. ஷிமெக் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"பாத்தியா? அவன்தான். வலது குதிகால் தேஞ்சிருக்கு பாரு. வேகமா வேற போறான். ஏதோ திட்டம் வச்சிருக்கான்."

அவன் என்றால் பார்த்தெக். எதிர்ச்சாரியில் ஒரு பேஸ்மென்ட்டில் இருப்பவன். யாவோராவில் இவர்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரன். சின்ன வயதில் இருவரும் ஒரே ஆட்டு மந்தையை மேய்த்தவர்கள். கட்டட வேலை தொடங்கினதும்தான் வந்தது வினை. பார்த்தெக் தன் வீட்டுக்கு மாடி எடுத்தான். அந்த மாடி, ஷிமெக் வீட்டு முன்ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற கியெவொன்ட் மலையை மறைத்துவிட்டது. மறைத்துவிட்டது என்று ஊரிலிருந்து சேதி வந்தது. ஷிமெக் சிகாகோவில் உட்கார்ந்துகொண்டு, தான் பார்க்காத ஜன்னலிலிருந்து தெரியாமல் போன மலைக்காகக் கொதித்தான். மலை தெரிய வேண்டுமே என்று இரண்டாவது மாடி எடுத்தான். உடனே பார்த்தெக்கும் எடுத்தான். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. ஷிமெக் பத்து மணிப் பூசைக்குப் போனால் பார்த்தெக் பன்னிரண்டு மணிப் பூசைக்குப் போவான். கடவுளையும் இரண்டு வேளை வேலை வாங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஷிமெக் வழக்கம்போல போன் அட்டையைச் சுரண்டி ஊருக்குப் போட்டான். எடுத்தது மேஸ்திரி ஃப்ரானெக். ஷிமெக்கின் தாய்மாமன் மகன். யாவோராவில் எந்தச் சுவர் எழும்பினாலும் அவன் கைதான் சாந்து பூசும்.

"என்ன மச்சான், வேலை எப்படி? ... என்னது? ... யாரு, அவனா? ... கோபுரமா?" ஷிமெக்கின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "செம்புத் தகடு போட்டா? ... அதெப்படி! சரி, நான் சொல்றேன் கேளு. எனக்கு இன்னொரு மாடி. ஆமா, மூணாவது. அவன் கோபுரத்து உச்சியைவிட ஒரு முழம் மேல நிக்கணும். பணத்தப் பத்தி நீ கவலைப்படாதே."

அடுப்படியில் நின்ற அனியெலா கண்ணை மூடிக்கொண்டாள். மாடி வீடு போயிற்று. மேப்பிள் மரம் போயிற்று. அணிலும் போயிற்று. நகர்ந்தாள். குழாய் இடித்தது.

*

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வரும்போது மூலையிலிருக்கிற இறைச்சிக் கடையில் ஏறினாள். பண்டிகை நெருக்கம், நல்ல கூட்டம். நம்பர் சீட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால் பக்கத்தில் ஹன்கா. பார்த்தெக்கின் மனைவி. புருஷர்கள் பேசாததால் இவர்களும் தெருவில் பேசுவதில்லை. ஆனால் இறைச்சிக் கடை வரிசை தெரு ஆகாது. அங்கே பேசலாம் என்று இருவருமே சொல்லிக்கொள்ளாமல் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்.

"என்னடி ஹன்கா, கண்ணுக்குக் கீழ இப்படிக் கறுத்துப் போயிருக்க?"

"ஈரம்டி. சுவரெல்லாம் பூசணம் புடிச்சுக் கெடக்கு. இருமி இருமித் தூக்கமே இல்ல. எங்க கட்டடத்து மூணாவது மாடியில முன்பக்கத்து வீடு குளிர்காலத்துலேருந்து காலியாத்தான் கெடக்கு. வீட்டுக்காரன் வா வான்னு கூப்பிடுறான். இவர் கேட்டாத்தானே!" ஹன்கா குரலைத் தாழ்த்தினாள். "எல்லாம் உன் ஆளால வந்தது."

"என் ஆளா? என் ஆள் என்ன பண்ணான்?"

"ஊர் வீட்டுல மூணாவது மாடி எடுக்கிறானாமே! கிறிஸ்துமஸ் சமயத்துலயே ஃப்ரானெக் சொல்லிட்டான். அதக் கேட்டதுலேருந்து என் வீட்டுக்காரர் சோறு தண்ணி இல்லாம கோபுரம் கோபுரம்னு உயிர எடுக்கிறாரு."

அனியெலா புருவத்தைச் சுருக்கினாள். "இரு இரு. கிறிஸ்துமஸுக்கா? மூணாவது மாடிங்கிற பேச்சே முந்தாநேத்துதானடி வந்தது! உன் ஆள் கோபுரம் கட்டுறான்னு ஃப்ரானெக் சொன்னதாலதான் இவன் மாடின்னே குதிச்சான்."

"கோபுரமே இன்னும் கட்டலியே! கட்டலாமான்னு ஃப்ரானெக்கிட்ட இந்த ஞாயித்துக்கிழமைதான் கேட்டாரு."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைக்காரி நம்பரைக் கூவினாள். அது அனியெலாவின் நம்பர். அவள் அசையவில்லை.

"அப்ப அந்த இரண்டாவது மாடி?" என்றாள் மெதுவாக.

"உங்க வீட்ல எடுக்கிறாங்கன்னு ஃப்ரானெக் சொன்னான், நாங்க எடுத்தோம்."

"நீங்க எடுக்கிறீங்கன்னு எங்ககிட்ட சொன்னான். பால்கனி?"

"அதுவும்தான்."

"அந்தக் கல்வேலி?"

"ஐயோ, அத ஞாபகப்படுத்தாதே!"

ஆக, ஃப்ரானெக் ஒரு கையால் இந்த வீட்டுச் சுவரையும் மறு கையால் அந்த வீட்டுச் சுவரையும் எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறான். வேலை ஓய்கிற மாதிரி இருந்தால் ஒரு போன். எதிர்வீட்டுக்காரன் இதைப் போடுகிறான், அதைப் போடுகிறான் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான், கடலுக்கு இந்தப் பக்கம் இரண்டு ஆண்பிள்ளைகள் மீசையை முறுக்கிக்கொண்டு பணத்தை அனுப்புவார்கள்.

"பாவி!" என்றாள் ஹன்கா. "என் பொண்ணு ஞானஸ்நானத்துக்கு அவன்தான் ஞானத்தகப்பன்!"

"என் புருஷனுக்கு மாமன் மகன். நல்லா இருக்கு நம்ம உறவு."

"யம்மா, நம்பர் கூப்பிட்டா வரணும், அரட்டை அடிக்கிறதுக்கா கடை வச்சிருக்கேன்?" என்று கடைக்காரி கத்தினாள். அனியெலா போய் அரைக் கிலோ கேட்க வேண்டிய இடத்தில் இரண்டு கிலோ தொத்திறைச்சி கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அவ்வளவு சந்தோஷம். உண்மை கையில் கிடைத்துவிட்டது. இனி என்ன? போய்ச் சொல்ல வேண்டியதுதான். ஷிமெக் என்ன முட்டாளா?

*

"என்னை என்ன முட்டாள்னு நினைச்சியா?" என்றான் ஷிமெக்.

அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். தேதிவாரியாக, மாடிவாரியாக. அவன் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. நடுவில் ஒரு கணம், உண்மை அவன் கண்ணில் விழுந்ததை அவள் பார்த்தாள். ஓடை நீரில் மீன் புரண்ட மாதிரி ஒரு மின்னல். உடனே மறைந்துவிட்டது.

"முதல்ல, நீ எதுக்கு அவ கூடப் பேசின?"

"ஷிமெக்! நான் என்ன சொல்றேன், நீ எதக் கேக்குற!"

"ஃப்ரானெக் என் மாமன் மகன். பொய் சொல்ல மாட்டான்."

"சொல்லியிருக்கானே!"

"சரி, சொல்லிட்டான்னே வச்சுக்க." அவன் எழுந்து குனிந்து, குழாயைச் சாமர்த்தியமாகத் தாண்டி, அந்தப் பக்கம் போய் நின்றான். "இப்ப மூணாவது மாடி எடுக்கிறேன்னு ஊரெல்லாம் தெரிஞ்சு போச்சு. நான் நிறுத்தினா என்ன ஆகும்? ஷிமெக்குக்குப் பணம் தீந்து போச்சுன்னு அந்த பார்த்தெக் கோவில் வாசல்ல நின்னு சொல்லுவான்."

"அவனும் நிறுத்திட்டா?"

"அவன் முதல்ல நிறுத்தட்டும். அப்புறம் நான் நிறுத்துறேன்."

"அவனும் இதையேதான் சொல்லுவான்!"

"பாத்தியா? அவன் புத்தி அப்படி. அதான் நான் நிறுத்த முடியாதுங்கிறேன்."

அனியெலாவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்கும் குழாய்தான் தயாராக இருந்தது. கழுவின தட்டையே மறுபடி மறுபடி கழுவினாள். பொய்யன் என்று தெரிந்த பிறகும் பொய்யனுக்கே கூலி கொடுக்கிற மனுஷனை என்ன செய்ய? பத்து வருஷ பேஸ்மென்ட்டில் ஒருநாள் கூட அவள் அழுததில்லை. அன்றைக்கும் அழவில்லை. ஆனால் சோப்பு நுரை கண்ணில் பட்டுவிட்டது என்று ஒரு தரம் மூக்கை உறிஞ்சினாள்.

மறுநாள் ஏரிக்கரை வீட்டில், பெரிய கண்ணாடி ஜன்னலை வினிகர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டாவது மாடி. எதிரே ஏரி, கடல் மாதிரி. அந்த வீட்டுக்காரர்கள் ஜன்னல் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. எந்நேரமும் திரை போட்டிருக்கும். தேய்த்துக்கொண்டே யோசித்தாள்.

ஃப்ரானெக்கைப் பற்றித்தான் யோசித்தாள். எழுதப் படிக்கத் தடுமாறுகிறவன். ஆனால் ஒரே ஒரு வாக்கியத்தால் அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தன் புருஷனை எழுப்புகிறான், உட்காரவைக்கிறான். அவளோ பத்து வருஷமாகப் பக்கத்தில் இருந்து கெஞ்சுகிறாள், கத்துகிறாள், சூப் வைக்கிறாள். இப்போது உண்மையையும் சொல்லிப் பார்த்துவிட்டாள். ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த முடியவில்லை.

உண்மை என்பது ஷிமெக்குக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து. எது ஒத்துக்கொள்ளும் என்பதைத்தான் ஃப்ரானெக் காட்டிக் கொடுத்திருக்கிறானே!

துணியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்காரர்களின் போனை எடுத்தாள். இதற்கு முன்பு ஒருநாளும் அதைத் தொட்டதில்லை.

"ஹன்கா? நான்தான். உன் ஆள் சனிக்கிழமை எத்தனை மணிக்குச் சாப்பிட வருவான்?"

*

சனிக்கிழமை உருளைக்கிழங்கு அடை சுட்டாள். ஷிமெக்குக்கு அது என்றால் உயிர். வெண்ணெயில் ஓரம் முறுகுகிற வாசனை பேஸ்மென்ட் முழுக்க நிறைந்திருந்தது. நாலாவது அடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, ரொட்டி விலை சொல்கிற குரலில் சொன்னாள்.

"எதிர்ல பார்த்தெக் வீடு மாறுறானாம்."

"எங்க, ஊருக்கா?" ஷிமெக்கின் வாய் நின்றது.

"இல்ல, அதே கட்டடம்தான். மேல் வீடு. தெருப் பக்கம் பாத்த வீடாம். கடையில திரைச்சீலைத் துணி வாங்கிக்கிட்டு இருந்தா ஹன்கா. பூப்போட்டது."

அவள் அடையைத் தட்டில் போட்டாள். அவன் தொடவில்லை. அடையைத் தொடாத ஷிமெக்கை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

"பேஸ்மென்ட்ல மனுஷன் இருப்பானாம்மான்னு சொன்னானாம்" என்று தொடர்ந்தாள். "என் பொண்டாட்டி எலி இல்லன்னானாம். சில பேருக்கு வேணா அது சரியா இருக்கலாம், எனக்கு ஆகாதுன்னானாம்."

"சில பேர்னா?"

"அத நான் எப்படிக் கேக்குறது? கடையில கூட்டம்."

"சில பேர்னா யாருன்னு கேட்டேன்!"

"எனக்குத் தெரியாது, ஷிமெக். அடை ஆறுது."

ஷிமெக் விருட்டென்று எழுந்தான். பத்து வருஷமாகச் சாமர்த்தியமாகக் குனிந்து தாண்டியவன், அன்றைக்கு மறந்துபோனான். ணங்! காலுறை கழன்று சூப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் விழுந்தது.

"இந்த எழவுக் குழாய்!" என்று அலறினான். "இதெல்லாம் மனுஷன் இருக்கிற இடமா?"

"நானும் அதத்தான்..."

"நீ பேசாம இரு! அந்த ஸ்தெஃபானியா அம்மா வீடு யாருக்காவது குடுத்துட்டாளா? நாளைக்கு வரைக்கும் கெடு இருக்குன்னுதானே சொன்ன?" நெற்றியைத் தேய்த்துக்கொண்டே படியேறினான். பாதிப் படியில் நின்று திரும்பினான். "அது எந்த மாதிரி ஜன்னல்? பெருசா?"

"நம்ம மேசையை நெட்டுக்கு நிறுத்தினா அவ்வளவு உயரம்."

"அது போதும்" என்று ஓடினான்.

அனியெலா அடுப்பை அணைத்தாள். ஆறிப்போன அடையை எடுத்து, நின்றபடியே, மெதுவாகத் தின்றாள். தலைக்கு மேலே பேச்சுக்குரல் கேட்டது. ஷிமெக்கின் கரகரப்பு, கிழவியின் சிரிப்பு. எதிர்ச்சாரியில் இதே நேரத்தில் ஹன்கா என்ன சமைத்தாளோ, எப்படிச் சொன்னாளோ! வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். வலது குதிகால் தேய்ந்த ஒரு ஜோடி பூட்ஸ் தன் கட்டடத்துச் சொந்தக்காரனைத் தேடி வேகமாக நடந்துகொண்டிருந்தது. அனியெலா சிலுவை போட்டுக்கொண்டாள். நாளைக்குப் பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னதாகச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? சொன்னபோது பொய். இப்போது உண்மை. அதை அந்தக் குட்டைப் பாதிரியாரே தீர்மானிக்கட்டும்.

*

மே மாதம் முதல் சனிக்கிழமை இரண்டு வீட்டுச் சாமான்களும் ஒரே நாளில் தெருவுக்கு வந்தன. ஷிமெக் இந்தப் பக்கம் கட்டிலைத் தூக்கினான், பார்த்தெக் அந்தப் பக்கம் அலமாரியைத் தூக்கினான். ஒருவரை ஒருவர் பார்க்காமல் பார்ப்பதில் இருவருக்கும் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

மேசையை வைத்துவிட்டு ஷிமெக் ஜன்னல் பக்கம் போனான். அடுத்த நிமிஷம் படியில் தடதடவென்று இறங்குகிற சத்தம். அனியெலா பின்னாலேயே ஓடினாள்.

"ஸ்தெஃபானியா அம்மா! அவன் மூணாவது மாடியில இருக்கான்!"

"யாருப்பா?"

"பார்த்தெக்! உங்க தளத்தையும் சேத்து எண்ணினாலும் நாங்க ரெண்டுலதான் இருக்கோம். உங்களுக்கு மேல இன்னொரு மாடி இல்லையா?"

"எனக்கு மேல நீ. உனக்கு மேல கூரை" என்றாள் கிழவி. "நீதான் கூரை வேலைக்காரனாச்சே, ஏறி உக்காந்துக்கோ. அதுக்கு வாடகை வாங்க மாட்டேன்."

ஷிமெக் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு தானாகவே ஒரு சமாதானம் கண்டுபிடித்தான். பார்த்தெக் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அத்தனை படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதாம். "கெழவன் மாதிரி பாதியில நின்னுட்டான், நான் பாத்தேன்" என்று அன்றைக்கு இரண்டு தட்டு பியெரோகிக் கொழுக்கட்டை தின்றான்.

ஞாயிற்றுக்கிழமை போனை ஜன்னலோரம் இழுத்து வைத்துக்கொண்டு ஊருக்குப் பேசினான். அனியெலா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"இல்ல ஃப்ரானெக், மூணாவது மாடி இப்ப வேணாம். இங்க வாடகை கூடிப் போச்சு... யாரு? பார்த்தெக்கா? கோபுரத்துக்குச் செம்புத் தகடு வந்து எறங்கிருச்சா?" ஷிமெக் கழுத்தை நீட்டித் தெருவுக்கு எதிரே நிமிர்ந்து பார்த்தான். "எப்பச் சொன்னான் உங்கிட்ட? ... இப்பவா? இப்பத்தான் பேசிட்டு வச்சானா? அடேய் ஃப்ரானெக், அவன் அரை மணி நேரமா என் கண்ணு முன்னால பனியனோட ஜன்னல்ல நின்னு சிகரெட் புடிச்சுக்கிட்டு இருக்கான். கையில போனும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தா, இப்ப மூக்கு நோண்டுறான்."

மறுமுனையில் ஃப்ரானெக் என்ன சொன்னானோ, ஷிமெக் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

"மச்சான், எங்கம்மாகிட்டச் சொல்லு, புது வீட்ல போயிப் படுத்துக்கச் சொல்லி. அழுக்கானா ஆகட்டும். இனிமே பார்த்தெக்கப் பத்தி நீ எனக்குச் சொல்ல வேணாம். வேணும்னா நான் உனக்குச் சொல்றேன்."

போனை வைத்தான். அனியெலா ஈரக் கையோடு போய் அவன் தலையில் ஒரு முத்தம் வைத்தாள். குழாய் இடித்த வீக்கம் இன்னும் லேசாக இருந்தது.

கதை அதோடு முடிந்திருந்தால் அனியெலா அதிர்ஷ்டக்காரி.

மறு ஞாயிறு பார்த்தெக் தன் ஜன்னலில் சிவப்பு ஜெரேனியப் பூந்தொட்டி ஒன்று வைத்தான். திங்கட்கிழமை ஷிமெக் இரண்டு வாங்கி வந்தான். புதன்கிழமை எதிரே நான்கு. வெள்ளிக்கிழமை இங்கே பலகை அடித்து அடுக்கு வைத்து, அடுக்குக்கு மேல் அடுக்காக, கூரை வேலையில் மிச்சமான தகடெல்லாம் போட்டு, பூந்தொட்டிகள் எழும்பின. வேலை விட்டு வந்ததும் ஷிமெக் நேராக ஜன்னல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான். சூப்பும் அங்கேயே, ரொட்டியும் அங்கேயே. "இன்னைக்குத் தண்ணி ஊத்த மறந்துட்டான்... அவன் செடி வாடுது... ஹன்கா திட்டுறா, நல்லா திட்டுறா..."

சனிக்கிழமை காலையில் அனியெலா காப்பிக் கோப்பையோடு ஜன்னலுக்கு வந்தாள். மேப்பிள் மரம் முழுக்கத் தளிர்விட்டிருக்கும். அணில் வந்திருக்கும். பார்க்க வேண்டும் என்று ஒரு வாரமாக ஆசை. வந்து பார்த்தால் கண்ணுக்கு எதிரே சிவப்பாக ஒரு சுவர். அதற்கு முன்னால் அகலமாக ஒரு முதுகு. மரமும் இல்லை, அணிலும் இல்லை, வானம்கூட இல்லை.

ஊரில் மலையை மறைத்தார்கள். இங்கே மரத்தை மறைக்கிறார்கள்.

கோப்பையை மேசையில் வைத்தாள். நடு அடுக்குத் தொட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். ஷிமெக் ஐயோ ஐயோ என்று கையைப் பிசைந்தான். பூக்களுக்கு நடுவே ஒரு சந்து திறந்தது. அதில் ஒரு கிளை, பச்சைப் பசேலென்று.

"எந்திரி" என்றாள்.

"எங்க போக?"

"எங்கியாவது போ. இது என் நாற்காலி. இது என் ஜன்னல்."

"அப்ப நான் பார்த்தெக்க எங்கேருந்து பாக்குறது?"

அனியெலா நாற்காலியில் உட்கார்ந்து, காப்பியை ஒரு வாய் குடித்தாள். கிளையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கீழ பேஸ்மென்ட் காலியாத்தானே கெடக்கு? போய் அவன் பூட்ஸைப் பாரு."